பாதி கேஸ், பாதி கரண்ட்: எங்கள் வீட்டு ஹைப்ரிட் ஹீட் பம்ப்

நெதர்லாந்தில் வீடு வாங்கியிருக்கும் நம் ஆட்கள் இப்போதெல்லாம் கேட்கும் முதல் கேள்வி, ஹீட் பம்ப் வைக்கலாமா என்பதுதான். 1970களில் கட்டிய வரிசை வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், பழைய கேஸ் பாய்லரோடு சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் வையுங்கள் என்பேன். ஆனால் பொருத்த வருகிறவர்கள் விட்டுப்போகும் செட்டிங்கை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த மெஷினின் நல்லதும் கெட்டதும் அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் இருப்பது ஆம்ஸ்டெல்வீனில், அந்தக் காலத்து வரிசை வீடு ஒன்றில். பழைய கேஸ் பாய்லரை எடுக்கவில்லை, அது மாடியில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால் நீட்டிக் கட்டிய பகுதியின் மொட்டைக் கூரையில், ஏசியின் வெளிப்பெட்டி போல ஒன்றை வைத்தார்கள், அதுதான் ஹீட் பம்ப். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டரில் ஓடும் தண்ணீருக்குக் கொடுப்பது அதன் வேலை. ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். குளிர் கடுமையானால் பாய்லர் துணைக்கு வரும். குளிக்கிற வெந்நீர் மட்டும் முழுக்க பாய்லரில்தான்.

ஏன் வைத்தோம் என்றால், 2022 காரணம். ரஷ்ய நிறுவனமான காஸ்ப்ரோம், ரூபிளில் பணம் கட்ட மறுத்த டச்சு நிறுவனமான காஸ்டெராவுக்கு அந்த ஆண்டு மே மாதக் கடைசியோடு கேஸ் சப்ளையை நிறுத்தியது. இலையுதிர் காலத்தில் எங்கள் ஒப்பந்தம் முடிந்தபோது, கன மீட்டருக்கு 3 யூரோவுக்கு மேல் விலை சொன்னார்கள். 2023இல் அரசு உச்சவரம்பு கொண்டுவந்தது: 1,200 கன மீட்டர் வரைக்கும் 1.45 யூரோ. அது மட்டும் இல்லையென்றால் அந்தக் குளிர்காலத்தில் எங்களைப் போன்ற பல குடும்பங்கள் என்ன செய்திருக்கும் என்று தெரியவில்லை.

பொருத்த வந்த இருவரில் ஒருவர் குரோனிங்கன் மாகாணத்துக்காரர், லாப்பர்சும் பக்கம். காபி குடிக்கும்போது போனில் அவருடைய பெற்றோர் வீட்டுப் படத்தைக் காட்டினார். செங்கல் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலக் கீழிறங்கும் விரிசல். சுவர் சாயாமலிருக்க வெளியிலிருந்து முட்டுக்கொடுத்த தடித்த மரக்கட்டைகள். அந்தக் கட்டைகளைச் சுற்றி அவருடைய அம்மா பூச்செடி வைத்திருந்தார். படத்தைப் பார்த்த பிறகு வீட்டில் கேஸ் எரிவதை முன்பு போல நினைக்க முடியவில்லை.

அந்த மண்ணுக்கு அடியில்தான் 1959இல் ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே நாடு முழுக்கக் குழாய் போட்டு, லிம்பர்கின் நிலக்கரிச் சுரங்கங்களை மூடத் தொடங்கினார்கள். இந்த நாட்டின் வீடுகளில் மிகப் பெரும்பான்மை கேஸில் சூடாவது அப்படி வந்த பழக்கம்தான். அரசுக்கு மொத்தம் 36,300 கோடி யூரோ வருமானம். ஆனால் வாயுவை எடுக்க எடுக்க மண் அமிழ்ந்து நிலம் ஆடியது. 2012இல் ஹௌசிங்க கிராமத்தில் 3.6 அளவில் நிலநடுக்கம். அதற்கு அடுத்த ஆண்டு உற்பத்தியைக் குறைக்காமல் 5,400 கோடி கன மீட்டர் எடுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று 2023 பிப்ரவரியில் நாடாளுமன்ற விசாரணை அறிக்கையே சொன்னது. அந்த ஆண்டு அக்டோபர் 1இல் உற்பத்தி நின்றது. மூடியது சரியான முடிவு, இன்னும் முன்னாலேயே மூடியிருக்க வேண்டும்.

இப்போது என் பாய்லரில் எரிவது என்ன? இங்குள்ள பாய்லர்களும் அடுப்புகளும் எரித்தால் வெப்பம் குறைவாகத் தரும் குரோனிங்கன் வாயுவுக்காகவே செய்யப்பட்டவை. அதனால் நார்வேயிலிருந்து குழாயிலும் அமெரிக்காவிலிருந்து கப்பலிலும் வரும் வாயுவில் நைட்ரஜன் கலந்து, பழைய தரத்துக்கு இறக்கி அனுப்புகிறார்கள். சௌட்புரூக்கில் இதற்கென்றே பெரிய ஆலை இருக்கிறது. எம்ஸ்ஹாவன் துறைமுகத்தில் 2022 செப்டம்பரிலிருந்து, கப்பலில் வரும் வாயுவை இறக்க மிதக்கும் முனையம் நிற்கிறது. வாங்குகிற இடம் மாறியதே தவிர, வாங்குவது நிற்கவில்லை. குறைவாக எரிப்பது ஒன்றுதான் வீட்டில் இருந்துகொண்டு நம்மால் செய்ய முடிந்தது.

சரி, மெஷினுக்கு வருகிறேன். முதல் குளிர்காலத் தொடக்கத்தில் கேஸ் மீட்டர் நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. காலை ஆறு மணிக்குப் பாய்லர் உறுமும் சத்தம் கேட்கும். காரணத்தை என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். தெர்மோஸ்டாட்டை இரவில் 15க்கு இறக்கி, காலையில் 20க்கு ஏற்றும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாய்லர் மட்டும் இருந்த காலத்துப் பழக்கம் அது. ஐந்து டிகிரியை அவசரமாக ஏற்று என்றால் சின்ன ஹீட் பம்ப்பால் முடியாது, உடனே பாய்லரைக் கூப்பிட்டுவிடும். இரவும் பகலும் 19இல் நிறுத்தினோம். பாய்லர் சேர்ந்துகொள்ளும் வெளி வெப்பநிலையை 5 டிகிரியிலிருந்து 0க்கு இறக்கினோம். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 50க்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தினோம். அப்புறம் காலை உறுமல் நின்றுவிட்டது. இதையெல்லாம் பொருத்திய நிறுவனமே செய்து கொடுத்திருக்க வேண்டும். இரண்டு முறை போன் செய்தும், ‘ஃபேக்டரி செட்டிங் அப்படித்தான்’ என்ற பதில்தான் வந்தது.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ரேடியேட்டர் இனிமேல் கை சுடாது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது கெட்டுப் போச்சா? சூடே காணோமே!” என்றார். “இல்லைங்க அத்தை, ரூம் எப்படி இருக்குன்னு பாருங்க” என்றேன். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். வெதுவெதுப்பு நாள் முழுக்க ஒரே சீராக இருப்பது எனக்குப் பழைய பாய்லர் சூட்டைவிடப் பிடித்திருக்கிறது.

சத்தம் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். இரவு 7 முதல் காலை 7 வரை பக்கத்து வீட்டு எல்லையில் 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2021இலிருந்து விதி இருக்கிறது. விசிறிச் சத்தம் எங்களுக்குத் தொந்தரவாக இல்லை. கூரை வழியாகப் படுக்கையறைக்குள் வந்த அதிர்வுதான் தொந்தரவு. பெட்டியின் அடியில் தடித்த ரப்பர் கால்கள் வைத்த பிறகு அடங்கியது, அதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். 0 முதல் 3 டிகிரி வரை, ஈரமும் பனிமூட்டமுமாக இருக்கும் நாட்களில் வெளிப்பெட்டியின் தகடுகளில் வெள்ளையாகப் பனி பிடிக்கும். சில நிமிடம் விசிறி நின்று, பனி உருகி, பெட்டியிலிருந்து வெண்புகை கிளம்பும். அது நீராவிதான், தீ இல்லை. முதல் தடவை பார்த்த எதிர்வீட்டுப் பெரியவர் மணியடித்துச் சொன்னார். உருகிய தண்ணீர் நடைபாதையில் விழுந்தால் உறைந்து வழுக்கும், வடிகுழாய் கட்டாயம் வேண்டும்.

இனி பணக்கணக்கு. முன்பு ஆண்டுக்கு சுமார் 1,400 கன மீட்டர் கேஸ், இப்போது 550. கரண்ட் 2,100 யூனிட் கூடியது. எங்கள் கட்டணத்தில் ஆண்டுக்கு 540 யூரோ அளவில் மிச்சம். அரசு தரும் ஐஎஸ்டிஇ மானியம் போக எங்கள் கையிலிருந்து போனது ஏறக்குறைய 4,000. மானியத்துக்குப் பொருத்திய பிறகுதான் விண்ணப்பிக்க முடியும் என்பதால் முழுத் தொகையையும் முதலில் கையில் வைத்திருக்க வேண்டும். கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் 2027 ஜனவரி 1ஐயும் கணக்கில் சேருங்கள். கோடையில் கொடுத்த கரண்டைக் குளிர்காலத்தில் கழித்துக்கொள்ளும் வசதி அன்றோடு போகிறது. ‘இரண்டே வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும்’ என்று விற்பனையாள் சொன்னால் நம்ப வேண்டாம், எங்கள் கணக்கில் ஏழெட்டு வருஷம் ஆகும்.

முழு மின்சார ஹீட் பம்ப்புக்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் ஒற்றை ஃபேஸ் இணைப்பை மூன்று ஃபேஸாக மாற்ற வேண்டும். மின்வலை நெரிசலால் அதற்கு இங்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது. 2026இலிருந்து பாய்லர் மாற்றும்போது ஹைப்ரிடாவது வைத்தே ஆக வேண்டும் என்று 2022இல் இருந்த அரசு சொல்லியிருந்தது, 2024இல் வந்த கூட்டணி அதைக் கைவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். ஹைப்ரிட்டிலும் ஒரு குறை இருக்கிறது. உறைபனி வாரத்தில் எல்லா வீட்டுப் பாய்லரும் ஒரே நேரத்தில் எரியும், நாட்டுக்குக் கேஸ் அதிகம் தேவைப்படும் நாளும் அதுதான். ஆண்டு முழுக்க எரிக்கும் கேஸ் பாதிக்கும் கீழே வந்தாலும், அந்த வாரத்துக்கான கையிருப்பை யாராவது சேர்த்து வைத்துத்தான் ஆக வேண்டும்.

அடுப்பையும் இண்டக்ஷனுக்கு மாற்றினோம். கேஸ் செலவில் சமையலின் பங்கு மிகக் குறைவு என்பதால் மீட்டரில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரும்பு தோசைக்கல் நன்றாகவே வேலை செய்கிறது, அலுமினிய வாணலிகளை மட்டும் கொடுத்துவிட வேண்டியிருந்தது.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் காசில்லாத ஒரு சோதனை உண்டு. நல்ல குளிர் வாரம் ஒன்றில், இருக்கிற பாய்லரின் ஹீட்டிங் தண்ணீரை 50 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள். குளியல் வெந்நீரின் செட்டிங்கைத் தொடாதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும் லெஜியோனெல்லா கிருமிக்காக அது 60இலேயே இருக்க வேண்டும். வீடு 19, 20க்கு வந்தால் தாராளமாக வாங்கலாம். வரவில்லையென்றால் அந்தப் பணத்தைச் சுவரின் இடைவெளியிலும் தரைக்கு அடியிலும் வெப்பம் வெளியேறாமல் காப்புப் போடவும், ஜன்னல் கண்ணாடிக்கும் செலவழியுங்கள். அடுத்த குளிருக்கு மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.