கச்சேரி சிடி: ரைட் பண்ணியதா, கம்பெனி போட்டதா?

போன மாதம் பெயின்ட் அடிக்க அலமாரியைக் காலி செய்தபோது ஜிப் வைத்த கறுப்பு சிடி பைகள் இரண்டு வெளியே வந்தன. ஒன்றில் டிசம்பர் சீசன்களில் சபா வாசல் ஸ்டால்களில் வாங்கிய கச்சேரி சிடிகள், எல்லாம் இசைத்தட்டு கம்பெனி போட்டவை. இன்னொன்றில் 2003லிருந்து ஆறேழு வருடம் நண்பர்களிடமும், நண்பர்களின் நண்பர்களிடமும், சில சமயம் காசு வாங்கிக்கொண்டு பிரதி எடுத்துக் கொடுத்தவர்களிடமும் சேர்த்தவை: ரசிகர்கள் தாங்களே பதிந்து, கம்ப்யூட்டரில் ரைட் பண்ணிய கச்சேரிகள். கர்நாடக சங்கீத ரசிகர்கள் இதற்கு ‘பிரைவேட் ரெக்கார்டிங்’ என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறோம். சினிமாப் பாட்டாக இருந்தால் திருட்டு சிடி என்று சொல்லியிருப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டு பையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று மேடையில் பாடிக்கொண்டிருப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், கம்பெனி சிடிதான். பழைய வித்வான்கள் விஷயம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

விலையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 700 எம்பி டிஸ்கில் எம்பி3 ஆகப் போட்டால் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், அதாவது நாலைந்து கச்சேரி அடங்கும். ஒரு டிபன் காசில் ஒரு சீசனே கைக்கு வந்துவிடும். கம்பெனி சிடியில் ஒரே கச்சேரிக்கு இரண்டு தட்டு, விலையும் பல மடங்கு. சட்டமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தின்போது நிகழ்த்துகலைஞர் உரிமை வந்தது. அந்த உரிமை இப்போது 50 ஆண்டு. பாடுபவருக்கு மட்டுமல்ல, வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. நாம் சட்டைப் பையில் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு போகும்போது மிருதங்கக்காரரை நினைப்பதே இல்லை.

ஒலித்தரத்திலும் போட்டி கிடையாது. மேடை மைக்குகளிலிருந்து நேராக எடுத்த பதிவில் மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையும் இடது பக்கமான தொப்பியும் தனித்தனியாகக் காதில் விழும். பன்னிரண்டாவது வரிசைச் சட்டைப் பையில் எடுத்ததில் மிருதங்கம் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும், வயலின் பக்கத்துத் தெருவில் வாசிக்கும். அதையும் 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக நசுக்கினால் தம்பூராவின் மேல் ஸ்வரங்கள் மங்கி, ஒரு சலசலப்புதான் மிஞ்சும்.

சுருதிதான் பெரிய வேதனை. பழைய பதிவுகள் ஸ்பூல் நாடாவிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கும் போய், கடைசியில் கம்ப்யூட்டருக்கு வந்தவை. வழியில் ஏதோ ஒரு டெக்கின் மோட்டார் ஆறு சதவீதம் வேகமாக ஓடியிருந்தால் போதும், சுருதி அரைக்கட்டை, அதாவது ஹார்மோனியத்தில் அடுத்த கட்டைக்கு, ஏறிவிடும். இரண்டரை மணி நேரக் கச்சேரி எட்டு நிமிடம் முன்னதாகவே மங்களம் பாடிவிடும். என்னிடம் இருந்த ஒரு டிஸ்கை எலெக்ட்ரானிக் தம்பூராவோடு ஒத்துப் பார்த்தேன். ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் தொங்கியது. பாடியவர் எந்தக் கட்டையில் பாடினார் என்பது அந்த மோட்டாருக்குத்தான் வெளிச்சம்.

இதெல்லாம் இருந்தும் அந்தப் பையை நான் தூக்கிப் போட்டிருக்க மாட்டேன். சுருதி விலகிய கச்சேரியையும் கம்ப்யூட்டரில் சரிசெய்து கேட்டுக்கொள்ளலாம். என்னைத் திருப்பியது வேறு விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமை, ரைட் பண்ணிய டிஸ்குகளில் மூன்றில் ஒரு பங்கு திறக்கவே இல்லை. டிரைவ் உறுமும், நிற்கும், மறுபடி உறுமும், பிறகு ‘டிஸ்கைச் செருகவும்’ என்று கேட்கும். செருகித்தானே வைத்திருக்கிறேன்! கம்பெனி சிடிகளில் ஒன்றே ஒன்று இடறியது. அதுவும் என் மகள் சின்ன வயதில் அதைத் தரையில் சக்கரம் ஓட்டியதால்.

காரணம் எளிது. கம்பெனி சிடி என்பது அச்சு. பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும்போதே பள்ளங்கள் பதிந்துவிடும். மேலே அலுமினியப் பூச்சு, அதன்மேல் மெல்லிய அரக்கு, அதன்மேல் பெயர். பள்ளம் பள்ளமாகவே இருக்கும், அலுமினியம் துருப்பிடிக்காதவரை பிரச்சினை இல்லை. நாம் ரைட் பண்ணும் டிஸ்கில் பள்ளமே கிடையாது. உள்ளே ஒரு சாயம்தான் இருக்கிறது, லேசர் அதைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. திருப்பிப் பார்த்தால் நீலமாகவோ பச்சையாகவோ தெரிவது அதுதான். வெயிலில் வைத்த வேட்டிச் சாயம் மாதிரி அதுவும் வெளுக்கும். சூடு, வெளிச்சம், ஈரம் மூன்றும் அதற்கு எதிரி. சென்னையில் மே மாதத்தில் மரப் பலகை அலமாரிக்குள் இந்த மூன்றில் இரண்டு எப்போதும் இருக்கும்.

இதில் நானே செய்த தப்பும் உண்டு. சிடியைத் தூக்கிப் பார்க்கும்போது நாம் பயப்படுவது கீழ்ப்பக்கக் கீறலுக்கு. உண்மையில் கீழ்ப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமான பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, சின்னக் கீறலைத் துடைத்தாவது தேய்த்தாவது காப்பாற்றலாம். பதிவு இருப்பது பெயர் எழுதும் பக்கத்துக்கு அடியில், நகத்தால் சுரண்டினாலே போய்விடும் ஆழத்தில். அந்தப் பக்கத்தில்தான் நான் பால்பாயின்ட் பேனாவை அழுத்தி ‘தோடி, RTP பைரவி’ என்று எழுதியிருந்தேன் (RTP என்றால் ராகம் தானம் பல்லவி). ஆசைக்கு வாங்கிய வட்ட ஸ்டிக்கர்களை இன்னும் சிலவற்றில் ஒட்டியிருந்தேன். ஒரு ஸ்டிக்கர் ஓரம் தூக்கியிருக்க, சரிசெய்யலாமே என்று இழுத்தேன். ஸ்டிக்கரோடு வெள்ளிப் பூச்சும் சப்பாத்தித் தோல் மாதிரி உரிந்து வந்தது. அந்த இடத்தில் டிஸ்க் கண்ணாடியாகத் தெரிந்தது, அந்தப் பக்கம் இருந்த என் விரல் தெரிந்தது. மூன்று கச்சேரி போச்சு.

டிஸ்க் வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஐம்பது டிஸ்க் கொண்ட கட்டு எது மலிவோ அதைத்தான் எல்லோரும் வாங்கினோம். தங்கப் பூச்சுள்ள நல்ல ரகங்களும் வந்தன. அவை எவ்வளவு காலம் தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது, என்னிடம் இருந்தவை இரண்டே இரண்டு. இரண்டும் ஓடின. அதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

பராமரிப்பில் இன்னொரு பங்கு விவரம். கம்பெனி சிடியின் அட்டையில் யார் வயலின், யார் மிருதங்கம், எந்த வருடம், எந்த சபா என்று இருக்கும். தட்டைப் பிடுங்கிப் போட்டாலும் அட்டை பேசும். ரைட் பண்ணிய டிஸ்கில் இருப்பது ‘ட்ராக் 01’தான், அல்லது யாரோ நினைவிலிருந்து எழுதியது. ஒரே கச்சேரி மூன்று வெவ்வேறு வருடங்களோடு என்னிடம் மூன்று முறை இருந்தது. மூன்றையும் ஆர்வமாக வாங்கியிருக்கிறேன்.

சரி, கம்பெனி சிடி மேல் எனக்குக் கோபமே இல்லையா? உண்டு. கத்திரி. இரண்டு தட்டில் அதிகபட்சம் 160 நிமிடம் கொள்ளும், ஆனாலும் கை வைப்பார்கள். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் பாதியாக்குவார்கள், சிலவற்றில் எடுத்தே விடுவார்கள். இரண்டு உருப்படிக்கு நடுவே சுருதி சேர்ப்பது, பாடகர் பக்கவாத்தியக்காரரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிப்பது, எல்லாம் போய்விடும். நிரவலில், ஒரே வரியை விதவிதமாகப் பாடும்போது, ஒரு இடம் நன்றாக விழுந்ததும் கூட்டத்திலிருந்து எழும் அந்த ‘ஹா’வையும் சேர்த்து வழித்துவிடுவார்கள். பையில் எடுத்த பதிவு இதிலெல்லாம் ராஜா. இருமல் முதல் கைதட்டல் வரை அத்தனையும் இருக்கும். முழுக் கச்சேரிதான் வேண்டும் என்பவர் அதைத் தேடுவதில் தப்பு சொல்ல மாட்டேன்.

இனி பழையவர்கள். பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியம் (ஜி.என்.பி.) 1965ல் போய்விட்டார், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967ல், மதுரை மணி ஐயர் 1968ல். அவர்கள் பாடிய காலத்து 78 ஆர்பிஎம் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம்தான். இருபது நிமிட ஆலாபனையை அதில் எப்படி அடக்குவது? எம்.எஸ். சுப்புலட்சுமி 1966ல் ஐ.நா. சபையில் பாடியதும், 1977ல் கார்னகி ஹாலில் பாடியதும் தட்டாக வந்தன. அந்தப் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைத்தது? மணி ஐயரின் கச்சேரி எப்படி நடந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறதென்றால், பெரும்பாலும் யாரோ ஒரு ரசிகர் ஸ்பூல் மெஷினைச் சுமந்துகொண்டு போனதால்தான். 1952லிருந்து வந்த ரேடியோ தேசிய நிகழ்ச்சிகளையும் வீட்டில் பதிந்து வைத்தவர்கள் உண்டு. பிற்பாடு கம்பெனிகள் வெளியிட்ட பழைய கச்சேரிகளிலும் இப்படி வீடுகளிலிருந்து வந்த நாடாக்கள் இருக்கின்றன. ஆகாஷவாணியும் தன் களஞ்சியத்திலிருந்து சிடி போட்டது, நான் வாங்கியவற்றில் சுருதியும் விவரமும் ஒழுங்காக இருந்தன. ஆகவே பழையவர்களுக்கு என் வழி இது: கம்பெனி வெளியீடு இருக்கிறதா என்று முதலில் தேடு, இல்லாவிட்டால் மட்டும் பிரைவேட்.

இப்போது கம்பெனி சிடியை வாங்கினாலும் போட டிரைவ் இல்லாத வீடுதான் அதிகம். வெளியில் மாட்டும் யுஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கி, ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்ற மென்பொருளை வைத்து, எம்பி3 ஆக்காமல் தரம் குறையாத ஃப்ளாக் ஆகவே ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு தட்டுக்குப் பதினைந்து நிமிடம். ரைட் பண்ணிய டிஸ்க் என்றால் அதே டிரைவ் சில சமயம் இரண்டு மணி நேரம் முக்குகிறது. ஒன்றில் திறக்காதது இன்னொரு டிரைவில் திறப்பதும் உண்டு, அதனால் உடனே குப்பையில் போட வேண்டாம்.

ரைட் பண்ணியவற்றில் நான் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. 2005 டிசம்பர், நானும் அந்த ஹாலில் இருந்தேன், பதிந்தவர் எனக்கு முன் வரிசை. கம்பெனி சிடி வரவில்லை. நாலு முறை முயன்று பழைய லேப்டாப்பில் ஒருவழியாகத் திறந்து, இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டேன். கல்யாணி ஆலாபனை மேல் ஸட்ஜத்தில் நிற்கிற இடத்தில் பக்கத்து சீட் மாமா, “கேன்டீன்ல அக்கார அடிசில் தீர்ந்துடப் போறது” என்று மாமியிடம் சொல்வது, மிருதங்கத்தை விடத் தெளிவாகக் கேட்கிறது.