மோர் முதலில், சாம்பார் கடைசியில்: உறையூர் மெஸ் ஒன்றில் ஒரு மதியம்

திருச்சி உறையூரில் நான் இரண்டு வருடமாக மதியம் சாப்பிடும் மெஸ் இது. பெயரைப் போட வேண்டாம் என்று கல்லாவில் இருக்கும் அக்கா கேட்டுக்கொண்டார். இருப்பது ஆறு மேசை, இப்போதே ஒரு மணிக்கு வாசலில் ஆள் நிற்கிறது. அதனால் பெயரை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

சாப்பாடு 110 ரூபாய். வாழை இலையில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல், அப்பளம். இங்கே விசேஷம் வத்தக்குழம்புதான். சுண்டைக்காயைக் கருக விடாமல் நல்லெண்ணெயில் வறுத்துப் போடுகிறார்கள், கசப்பு நாக்கில் தங்காது. ரசத்தில் மிளகு கொஞ்சம் தூக்கல். கை கழுவும் இடத்தில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. குறை என்றால் அவ்வளவுதான்.

நான் எழுத வந்தது போன வியாழக்கிழமை நடந்தது. எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். வகுப்பில் ஹரால்ட் கார்ஃபிங்கலைப் பற்றி நடத்தினார்கள். அமெரிக்கப் பேராசிரியரான இவர், தன் மாணவர்களைச் சொந்த வீட்டிலேயே வாடகைக்குத் தங்கியவர்கள் போல நடந்துகொள்ளச் சொன்னார். கேட்டால் மட்டும் பேச வேண்டும், அதையும் வெளியாள் போல மரியாதையாகப் பேச வேண்டும். அதிகம் போனால் ஒரு மணி நேரம்தான். அதற்குள் பல வீடுகள் கலங்கிவிட்டன. ‘உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா’ என்று பெற்றோர் காரணம் தேடினார்கள். 1967இல் வந்த அவருடைய நூலில் இதெல்லாம் இருக்கிறது. எங்களையும் யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு வழக்கத்தை மீறிப் பார்த்து எழுதச் சொன்னார்கள்.

முதலில் இலையை எதிர்ப்பக்கமாக மூடலாமா என்று யோசித்தேன். அது துக்க வீட்டு வழக்கம் என்பார்கள். ஒருவர் பிழைப்பு நடத்தும் இடத்தில் போய் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சாப்பிடும் வரிசையைத் தலைகீழாக்குவது என்று முடிவு செய்தேன்.

சாதம் வைத்துவிட்டு, பரிமாறும் அண்ணன் சாம்பார் வாளியோடு வந்தார். “அண்ணே, முதல்ல மோர் ஊத்துங்க” என்றேன். இந்த நான்கு வார்த்தைகளைச் சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. அவர் கரண்டி இலைக்கு மேலேயே நின்றது. அதிலிருந்து ஒரு சொட்டு சாம்பார் சாதத்தில் விழ, அதைச் சாதத்தோடு சேர்த்துத் தன் கரண்டி நுனியாலேயே ஓரமாக ஒதுக்கினார். பிறகு குனிந்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி, “வயிறு சரியில்லையாம்மா?” என்றார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளருக்கும் இதேதான் நடந்தது. 1970களில் நியூயார்க் சுரங்க ரயிலில், காரணமே சொல்லாமல் ‘உங்கள் இடத்தைத் தருகிறீர்களா’ என்று கேட்கும் சோதனையை நடத்தியவர். அவரே ஒருமுறை கேட்டு, இடம் கிடைத்து உட்கார்ந்ததும், கேட்டதை நியாயப்படுத்த வேண்டும் என்ற தவிப்பில் தலை முழங்காலுக்கு இடையில் கவிழ்ந்து முகம் வெளுத்துவிட்டது என்கிறார். படித்தபோது மிகைப்படுத்துகிறார் என்று நினைத்திருந்தேன். இல்லை, அந்த நேரத்தில் எனக்கு வயிறு வலிப்பது போலவே இருந்தது.

“இல்லண்ணே” என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை. உள்ளே போய், மோரில் இஞ்சியும் உப்பும் கூடுதலாகப் போட்டு எடுத்து வந்தார். கூடவே நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு. அது சாதாரணமாக இலையில் வருவதில்லை. எதிரில் இருந்த பெரியவர் பிசைவதை நிறுத்திவிட்டு, “காலையில சாப்பிடலையாப்பா?” என்று கேட்டார். பக்கத்து மேசையில் ஒரு பையன் தனக்கும் மோர்தான் முதலில் வேண்டும் என்று அடம்பிடிக்க, அவன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அப்புறம் ரசம், வத்தக்குழம்பு, கடைசியில் சாம்பார். குளிர்ந்த நாக்கில் ரசத்தின் மிளகு சுள்ளென்று ஏறியது. சாம்பாருக்கு வந்தபோது வயிறு நிறைந்துவிட்டது, அதன் ருசியே தெரியவில்லை. பசியோடு இருக்கும் முதல் வாய்க்கு ஏன் சாம்பாரை வைத்தார்கள் என்று அன்றுதான் புரிந்தது.

கல்லாவில் இன்னொன்று. விலை எழுதிப்போட்ட பொருளுக்குப் பேரம் பேச வைத்ததும் கார்ஃபிங்கலின் சோதனைகளில் ஒன்று. “நூறு ரூபாய்க்குக் கிடைக்குமாக்கா?” என்றேன். அக்கா பலகையைக் காட்டவில்லை. “இல்லன்னா நாளைக்குக் கொடும்மா” என்று அடுத்தவருக்குச் சில்லறை எண்ண ஆரம்பித்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. 110 ரூபாயையும் கொடுத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். “அப்போ வயிறு நல்லாத்தானே இருக்கு?” என்பதுதான் அக்காவின் முதல் கேள்வி. அண்ணன் மட்டும், “சொல்லியிருந்தா பதறியிருக்க மாட்டேன்ல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கார்ஃபிங்கலின் மாணவர் ஒருவரிடம் அவருடைய சகோதரி, நாங்கள் எலிகள் இல்லை என்று கோபித்துக்கொண்டாராம். அண்ணன் முகம் அதைத்தான் சொன்னது. மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் வாளியோடு வந்து நின்று, “இன்னைக்கு எதும்மா முதல்ல?” என்றார், சிரிக்காமல். சாம்பார் என்றேன். நார்த்தங்காய் கேட்காமலே வந்தது.

மதியம் 12 முதல் 3 வரை, ஞாயிறு விடுமுறை. பொரியல் வேண்டுமென்றால் ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.