போனில் இருக்கும் நம்பர் கம்ப்யூட்டருக்கு வர: ஜிமெயிலா, விசிஎஃப்பா, எக்செல்லா?

குமுளி, கம்பம்மெட்டு பக்கம் ஏலக்காய்த் தொழிலில் இருக்கிறவர் போனை வாங்கிப் பாருங்கள். கான்டாக்ட் லிஸ்ட் மூன்று மொழியில் கிடக்கும். கம்பத்து ஜீப் டிரைவர் தமிழில், புற்றடி ஏல மையத்து ஆட்கள் மலையாளத்தில், உரக்கடை ஆங்கிலத்தில். ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து வாங்கிய இரண்டாவது சிம்மைப் பலர் இன்னும் விடவில்லை. அதனால் ஒரே ஆளுக்குத் தமிழ்நாட்டு நம்பர் ஒன்று, கேரளா நம்பர் ஒன்று. இந்த லிஸ்டைக் கடை கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொள்ள எந்த வழி உருப்படியானது?

ஆண்ட்ராய்டு போன் என்றால் என் ஓட்டு ஜிமெயில் கணக்கோடு வரும் கூகுள் கான்டாக்ட்ஸுக்குத்தான். போனில் ஒரு நம்பரைத் திருத்தினால் நெட் கிடைத்ததும் கம்ப்யூட்டரிலும் திருத்தம் வந்துவிடும். அங்கே மாற்றினால் இங்கேயும் மாறும். மலைமேல் சிக்னல் போனாலும் போனில் உள்ள லிஸ்ட் எங்கேயும் போகாது. மூன்று மொழிப் பெயர்களும் எழுத்து உடையாமல் நிற்கும். கொள்ளளவு 25,000 பெயர். எந்த வியாபாரிக்கும் அது போதும்.

ஆனால் நிறையப் பேர் “கம்ப்யூட்டர்ல திறந்தா பாதி நம்பர் இல்லையே” என்பார்கள். பழி கூகுள் மேல் விழும், விஷயம் வேறு. புது நம்பரைச் சேமிக்கும்போது “எங்கே சேமிக்க?” என்று போன் கேட்கிறது. அவசரத்தில் ‘சிம்’ என்றோ ‘போன்’ என்றோ தட்டியிருப்போம். அப்படிச் சேமித்தவை ஜிமெயில் கணக்குக்குள் தானாகப் போகாது. முதலில் அவற்றைக் கணக்குக்கு நகர்த்திவிட்டு, இனிச் சேமிக்கிற இடமாக ஜிமெயிலையே வைத்துவிடுங்கள்.

இன்னொரு சங்கடம், கடை கம்ப்யூட்டர் எல்லோர் கையும் படுகிற இடம். நம்பருக்காக உங்கள் ஜிமெயிலைத் திறந்து வைத்தால் மெயில், போட்டோ எல்லாமே திறந்துகிடக்கும். வியாபார நம்பருக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் தொடங்கி, போனில் அதற்குக் கான்டாக்ட் சிங்க் (இரண்டு பக்கமும் தானாக ஒத்துப்போகிற வசதி) மட்டும் போட்டுவைப்பது நல்லது. அப்போதும் கடைப் பையன் கம்ப்யூட்டரில் ஒரு பெயரை அழித்தால் முதலாளி போனிலும் அது காலி. 30 நாளுக்குள் கவனித்தால் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டுவிடலாம். தாண்டினால் போனது போனதுதான்.

அந்தப் பயம் உள்ளவர்களுக்கு விசிஎஃப் ஃபைல், அதாவது லிஸ்ட் முழுவதையும் அடக்கிய ஒரே ஃபைல். கான்டாக்ட்ஸ் ஆப்பில் எக்ஸ்போர்ட் கொடுத்து, கேபிள் போட்டு கம்ப்யூட்டருக்கு இழுத்துவிட்டால் முடிந்தது. நெட் வேண்டாம், கணக்கு வேண்டாம். இது அன்றைய நிலையின் நகல், அவ்வளவுதான். நாளைக்குச் சேர்க்கிற நம்பர் இதில் வராது. அதே ஃபைலைத் திரும்ப உள்ளே ஏற்றினால் பெயர்கள் இரட்டையாக வந்து நிற்கும். சில போன்கள் இன்னும் 2.1 என்ற பழைய வடிவத்தில்தான் ஃபைல் தருகின்றன. அதை நோட்பேடில் திறந்தால் தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறியும் எண்ணும் எழுத்துமாக நீள்வரிசை தெரியும். பதற வேண்டாம், திரும்ப ஏற்றும்போது பெயராகிவிடும். அவுட்லுக்கில் மட்டும் வேறு தொல்லை: நூறு பேர் உள்ள ஃபைலைக் கொடுத்தாலும் முதல் ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடும்.

கணக்குப்பிள்ளைகளுக்குப் பிடித்தது எக்செல். நம்பர்களை சிஎஸ்வியாக (கமா போட்டுப் பிரித்த பட்டியல் ஃபைலாக) இறக்கி எக்செல்லில் திறப்பார்கள். திறந்த மாத்திரத்தில் 04869 என்ற குமுளி எஸ்டிடி கோடு 4869 ஆகிவிடும். 91 சேர்த்த பன்னிரண்டு இலக்க நம்பர் புள்ளி வைத்த ஏதோ ஒரு சுருக்க எண்ணாகத் தெரியும். தமிழும் மலையாளமும் சில நேரம் கிறுக்கலாகும். அப்படியே சேமித்துப் போனில் ஏற்றினீர்களோ, லிஸ்டே பாழ். பார்க்க மட்டும் எக்செல். திரும்ப ஏற்றுவதற்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஐபோன்காரர்களுக்கு ஆப்பிளின் ஐகிளவுட் உண்டு, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வீட்டில் ஒருவர் ஐபோன், மற்றவர் ஆண்ட்ராய்டு என்றால் ஐபோன் செட்டிங்ஸில் அந்த வியாபார ஜிமெயிலைச் சேர்த்து, கான்டாக்ட்ஸை ஆன் செய்துகொள்வது சுலபம். கூகுளே வேண்டாம் என்பவர்கள் நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளை வைத்துச் சொந்தமாக ஒரு சர்வர் போட்டு, போனில் டாவ்எக்ஸ்5 ஆப் வழியாக இணைக்கலாம். சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் செய்யுங்கள்.

எந்த வழியில் போனாலும் மூன்று மொழிப் பெயர்களைத் தேடுவது பெரும்பாடு. ஆங்கிலத்தில் தட்டினால் மலையாளத்தில் சேமித்த பெயர் வரும் என்று நம்பியிருக்க முடியாது. அதற்கு நான் பரிந்துரைப்பது, நிறுவனம் என்ற கட்டத்தில் ஊரையும் தொழிலையும் ஆங்கிலத்தில் அடித்துவைப்பது. ‘Cumbum Jeep’ என்று தேடினால் ஆட்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். இரண்டு சிம் ஆட்களை இரண்டு பெயராக வைக்காமல், ஒரே பெயருக்குள் இரண்டு நம்பரையும் +91 சேர்த்தே போடுங்கள். இந்த வேலையைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்வது போனில் செய்வதைவிடப் பாதி நேரம்தான். ஆரம்பிக்கும் முன் ஒரு விசிஎஃப் நகல் எடுத்துப் பென்டிரைவில் போட்டுவிடுங்கள்.