தக்கலை பஜாரில் ஒரு தையல் கடை

மகளின் புதுநன்மைக்கு (முதல் முறை நற்கருணை வாங்கும் சடங்கு) வெள்ளை கவுன் தைக்கத் தக்கலை பஜாரில் பாய் கடையில் கொடுத்தோம். தையல் சுத்தம். கழுத்தில் லேஸ் எங்கும் சுருங்கவில்லை, உள்பக்கம் லைனிங் உறுத்தவில்லை, அப்புறம் பிள்ளை வளருவாளே என்று கேட்காமலே பக்கவாட்டில் துணியை மடக்கி விட்டிருக்கிறார், கிறிஸ்துமஸுக்குப் பிரித்துவிட்டால் போதும். மிஞ்சிய சாட்டின், லேஸ் துண்டு எல்லாம் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுத் திருப்பித் தந்தார். லைனிங் குறைவாகத்தான் பிடித்தது என்று கூலியிலும் 60 ரூபாய் குறைத்துக்கொண்டார், அதை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

எங்கள் சர்ச் பங்கில் சிலர், நம்ம ஆளுங்க கடை இருக்கும்போது ஏன் அங்கே என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. பைபிளில் லூக்கா 10-இல் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் ஆலயப் பணி செய்யும் லேவியரும் விலகிப் போக, காயத்தைக் கட்டியவன் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். இயேசு வியந்த விசுவாசம் ஒரு ரோமை நூற்றுவர் தலைவனுடையது. மற்ற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே சொல்லிவிட்டது. பாயின் நேர்மை அவருடைய தொழுகையோடு சேர்ந்தது, அதை அப்படியே மதிக்கிறேன்.

வெள்ளி மதியம் கடை பூட்டியிருக்கும். டிசம்பரில் கூட்டம் அதிகம், துணியை நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.