உத்தியைப் பழக்குவதா, பாடத்தைப் பேசுவதா?

எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் பலர் ஒரு பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் வாசித்துவிடுகிறார்கள். அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால், ஏதாவது ஒரு வரியை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். இவர்களுக்கு உதவ ஆசிரியர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. சுருக்குவது, ஊகிப்பது போன்ற புரிந்துகொள்ளும் உத்திகளைத் தனியாகப் பழக்குவது ஒன்று; உத்தி எதையும் பேசாமல், கையிலுள்ள பாடத்தின் பொருளையே வகுப்பில் அலசுவது இன்னொன்று.

முதல் வழியில் பெயர் பெற்றது, ஆய்வாளர்கள் பாலின்சாரும் பிரவுனும் 1984இல் வெளியிட்ட பரிமாற்றக் கற்பித்தல். சரளமாக வாசித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் அதைச் செய்து பார்த்தார்கள். சிறு குழுவாக உட்கார்ந்து, ஒவ்வொரு பகுதியையும் வாசித்ததும் சுருக்கிச் சொல்வது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, அடுத்து வருவதை ஊகிப்பது என நான்கு வேலைகள். முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பிறகு மாணவர்கள் முறை வைத்து ஆசிரியராக இருப்பார்கள். வாய் திறக்காத பிள்ளையையும் பேச வைக்கும் முறை இது. ஆனால் இதன் பலனை ஆய்வாளர்களே தயாரித்த தேர்வில் அளந்தால் ஒரு மாதிரி, எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்கும் பொதுத் தரத் தேர்வில் அளந்தால் வேறு மாதிரி. 1994இல் ரோசன்ஷைனும் மெய்ஸ்டரும் 16 ஆய்வுகளைத் தொகுத்தபோது விளைவின் அளவு, அதாவது பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட எவ்வளவு முந்தினார்கள் என்று காட்டும் எண், முதலாவதில் 0.88, இரண்டாவதில் 0.32. இன்னொரு ஆபத்தும் உண்டு. கொஞ்ச நாளில் அது சடங்காகிவிடும்: 'நான் ஊகித்துவிட்டேன், நீ சுருக்கு' என்று முறை மட்டும் நடக்கும், பத்தி அப்படியே கிடக்கும்.

இரண்டாம் வழியில் கேள்வி பாடத்துக்குள்ளிருந்தே வரும். ஒளிச்சேர்க்கை பற்றிய பத்தி என்று வையுங்கள். 'இதைச் சுருக்கு' என்பதற்குப் பதிலாக, 'வெளியேறும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறதா, தண்ணீரிலிருந்தா? எந்த வரி அப்படிச் சொல்கிறது?' என்று கேட்பது. பதில் தேட மாணவர் பத்திக்குத் திரும்பியே ஆக வேண்டும். 2009இல் மெக்கியோன், பெக், பிளேக் மூவரும் இரு வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். வாசித்ததை நினைவிலிருந்து விரித்துச் சொல்வதில் பொருளைப் பேசிய குழுவே முந்தியது. அவர்கள் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள். அதை அப்படியே மேல்வகுப்புக்கு ஏற்றிச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் என் ஓட்டு இந்தப் பக்கமே.

காரணம், முன்னறிவு. 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைத் தாண்டிப் போனார்கள். பொருளைப் பேசும் வகுப்பில் அந்த அறிவு அன்றாடம் சேர்கிறது. உத்தி மட்டும் பழகும் வகுப்பில் அது தற்செயலாகத்தான் சேரும்.

சரி, உத்தியே வேண்டாமா? வேண்டும், சில வாரங்களுக்கு. தனக்குப் புரியவில்லை என்பதே தெரியாமல் வாசித்துக்கொண்டு போகும் மாணவருக்கு, நின்று தன்னையே கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை அது தருகிறது. பழக்கம் வந்ததும் ஊகி, சுருக்கு என்ற பெயர்களை விட்டுவிட்டுப் பாடத்துக்குப் போய்விடலாம். 1946இல் ராபின்சன் தந்த மேலோட்டம், கேள்வி, வாசிப்பு, ஒப்பித்தல், மீள்பார்வை என்ற ஐந்து படிகள் வீட்டில் தனியாகப் படிக்கத்தான் பொருந்தும். அடிக்கோடிடுவதற்கு வகுப்பு நேரத்தைச் செலவிட வேண்டாம். படிக்கும் உத்திகளை எடைபோட்ட டன்லாஸ்கி குழு 2013இல் அதைக் குறைந்த பயனுள்ளவற்றில்தான் வைத்தது.

பொருள் வழியில் சுமை ஆசிரியர் மேல் விழுகிறது. எந்த வரியில் நிறுத்துவது, என்ன கேட்பது என்று முன்கூட்டியே பாடத்தை வாசித்துக் குறித்துக்கொள்ளாவிட்டால், பேச்சு நாலைந்து பேரோடு முடிந்துவிடும். அப்புறம், இன்னும் எழுத்துக்கூட்டித் திணறும் மாணவருக்கு இரண்டுமே போதாது. அவருக்குச் சரளம் வருவதற்கான பயிற்சியைத் தனியாகக் கொடுத்துக்கொண்டே, பாடத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டி, பேச்சில் அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.