பழைய சாணைக்கல் வாங்குகிறீர்களா? டார்ச் வெளிச்சத்தை நம்பாதீர்கள்

8,500 ரூபாய். எழுதும்போதே வயிறு எரிகிறது. பழைய பொருள்களை ஆளுக்கு ஆள் விற்றுக்கொள்ளும் ஓர் இணையச் சந்தையில், 'முத்திரை இல்லாத பழைய ஆர்கன்சா சாணைக்கல், மரப்பெட்டியுடன்' என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கினேன். வந்தது பளிங்குத் துண்டு.

விடுமுறை நாள்களில் மரவேலை செய்கிறவன் நான். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் வெட்டி எடுக்கும் நோவாகுலைட் கல்தான் ஆர்கன்சா சாணைக்கல். அதில் ஓர் உளியையாவது தீட்டிப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. "கல்லில் பெயர் எதுவும் இல்லையே?" என்று விற்பவனிடம் கேட்டேன். "இயற்கைக் கல்லில் யார் சார் பெயர் வெட்டுவார்கள்? காகித லேபிள்தான். எண்ணெய் பட்டால் உரிந்துவிடும்" என்றான். அவன் சொன்னது சரிதான். அதனால்தான் மேற்கொண்டு கேட்க வாய் வரவில்லை.

அடுத்து ஒரு வீடியோ அனுப்பினான். இருட்டறை, கல்லுக்கு அடியில் டார்ச். ஓரமெல்லாம் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. ஆர்கன்சா கற்களில் மிக நுண்மையான ரகம் ஒளியைக் கசியவிடும் என்று படித்திருந்தேன். அந்த நொடியிலேயே விழுந்துவிட்டேன். பளிங்கும் ஒளியைக் கசியவிடும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லையே!

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். அளவும் எடையும் கேட்டு வாங்கினேன். நீளம் 15 செ.மீ., அகலம் 5, கனம் 2, எடை 405 கிராம். எடையைக் கனஅளவால் வகுத்தால் அடர்த்தி 2.7. நோவாகுலைட் ஏறத்தாழ முழுக்க சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ் படிகத்தின் அதே பொருள். எவ்வளவு இறுகிய கல்லானாலும் அந்தப் படிகத்தின் அடர்த்தியான 2.65ஐத் தாண்டக் கூடாது. 'ஸ்கேலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்திருப்பான்' என்று அவனுக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பளிங்கின் அடர்த்தி ஏறத்தாழ 2.7. கணக்கு சரியாகத்தான் சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

கல் வந்ததும் பழைய எண்ணெய்ப் பிசுக்கு போக இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். பிறகு நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, அரையங்குல உளியை வைத்து இழுத்தேன். நல்ல கல்லானால் எஃகு தேய்ந்து எண்ணெய் கறுக்க வேண்டும். இங்கே மாவு மாதிரி வெள்ளைக் குழம்பு வந்தது. துடைத்துப் பார்த்தால் உளி வழுக்கிய இடமெல்லாம் கல்லில் கோடு. உளியின் வாய் முன்பைவிட மொண்ணை. ஓரத்தைச் சுரண்டி, அந்தத் தூளின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். பொரிந்து நுரைத்தது. புளிப்பு பட்டால் பளிங்குதான் நுரைக்கும், சிலிக்கா நுரைக்காது.

விற்றவனைக் கேட்டால், "இயற்கைக் கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சார், பழகப் பழகத்தான் பிடிக்கும்." நுரையைப் படம் எடுத்து அனுப்பினேன். "மண்ணெண்ணெயில் போட்டதால் கல் கெட்டுவிட்டது" என்றான். கல் கெடுமா ஐயா? மூன்றாவது செய்திக்குப் பதிலே இல்லை. இணையச் சந்தைக்கு எழுதியதற்கு, 'இது தனிநபர்களுக்கு இடையிலான விற்பனை, புகார் செய்யும் கெடு மூன்று நாள்' என்று அச்சடித்தாற்போல ஒரே பதில் இரண்டு முறை வந்தது. நான் கேட்டது நான்காம் நாள். 8,500 ரூபாய் போயே போய்விட்டது.

முத்திரையில்லாத கல்லை அடையாளம் காண்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வெளிச்சம் கசிவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எஃகு ஊசியால் ஓரத்தில் கீறி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கீறல் விழுந்தால் வாங்காதீர்கள், மறுத்தாலும் வாங்காதீர்கள். பெட்டியைத் திறந்த அன்றே சோதியுங்கள், மண்ணெண்ணெயில் ஊறவைத்து நாளைக் கடத்தாதீர்கள்.

அதே ஆள் இன்று காலை இன்னொரு கல்லை விற்பனைக்குப் போட்டிருக்கிறான். அதே இருட்டறை, அதே டார்ச். இந்த முறை கல் பச்சை நிறம்.