பி16ஏ எஞ்சினில் ரெவ் லிமிட் 8,600: சில வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

பாதியில் மூடிவிட்டுப் போகிறவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹொண்டா பி16ஏ எஞ்சினில் ரெவ் லிமிட்டை, அதாவது எஞ்சின் அளவுக்கு மேல் சுற்றாமல் பெற்றோலை நிறுத்துகிற வெட்டை, நிமிடத்துக்கு 8,200 சுற்றை ஒட்டி இருந்ததில் இருந்து 8,600க்கு ஏற்றியது ட்ராக்கில் பிரயோசனமாக இருக்கிறது. ஆனால் பவர் கூடும் என்று நினைத்து யாரும் இதைச் செய்ய வேண்டாம், பவர் ஏறாது.

என்னுடையது ஈகே4 சிவிக் எஸ்ஐஆர். கம்பெனிக் கணக்கில் 170 பிஎஸ், அதுவும் 7,800 சுற்றில். அதற்கு மேலே இறங்குமுகம்தான், பவர் அளக்கிற டைனோவிலும் 8,000 தாண்டியதும் கோடு மெல்லச் சரிந்தது. பிறகு ஏன் ஏற்றினேன் என்றால், எல்லாம் கியர் கணக்குத்தான். இரண்டாவது கியர் 2.105, மூன்றாவது 1.458. 8,200இல் மாற்றினால் சுற்று 5,680க்கு விழும், அதாவது வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கிற பெரிய கேமுக்கு வீ-டெக் மாறுகிற இடத்தின் வாசலிலேயே. 8,600இல் மாற்றினால் 5,950இல் போய் நிற்கும், கார் தயங்காமல் இழுக்கும். இன்னொன்று, 15 இஞ்சி ரயரோடு மூன்றாவதில் மணிக்கு 143 கிலோமீற்றர் வரை போனது இப்போது 150 வரை போகிறது. களுத்துறைப் பக்கம் உள்ள கட்டுகுருந்த ட்ராக்கில் ஒரு இடத்தில் நாலாவதைப் போட்டு மூச்சு விடுவதற்குள் பிரேக் பிடித்துத் திரும்ப மூன்றாவதுக்கு இறக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு கியர் மாற்றமும் இப்போது இல்லை, நான் ஏற்றியதே அதற்காகத்தான்.

ஹொண்டேட்டா என்கிற டியூனிங் சாதனம் போட்ட ஈசியூவில், அதாவது எஞ்சினை நடத்துகிற கணினியில், வெட்டை ஏற்றுவது லப்டொப்பில் ஒரு எண்ணை மாற்றுகிற வேலை, அவ்வளவுதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது, ஏனென்றால் எஞ்சினுக்குள் இருக்கிற எந்த இரும்புக்கும் அந்த எண் மாறியது தெரியாது. சுற்று 5 வீதம் கூடினால் பிஸ்டனை நிறுத்தித் திருப்புகிற விசை 10 வீதம் கூடும், ஏனென்றால் அது சுற்றின் வர்க்கத்தோடு ஏறுகிறது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ரொட் மிக மோசமாக இழுபடுவது பெற்றோல் எரியும்போது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. புகை வெளியேறி முடிகிற நேரத்தில், மேலே பாய்கிற பிஸ்டனை எதிர்த்துத் தள்ள வாயு அழுத்தம் எதுவும் இல்லாதபோது, முழுப் பாரமும் ரொட் போல்ட்டில்தான் விழுகிறது. அதனால் ஏஆர்பி கம்பெனியின் புது போல்ட் போட்டோம். மற்றபடி கீழ்ப்பக்கத்தைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. ஸ்ட்ரோக் 77.4 மில்லிமீற்றர் மட்டுமே, 8,600இல் பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 22 மீற்றர் சொச்சம். எஸ்2000இன் 2 லீற்றர் எஞ்சின் கம்பெனியில் இருந்து வரும்போதே 9,000இல் 25ஐத் தாண்டுகிறது.

பயப்பட வேண்டியது ஹெட்டுக்கு, அதாவது வால்வுகள் இருக்கிற மேல்பாகத்துக்கு. கொழும்பு மாளிகாவத்தைப் பக்கம் எனக்கு வேலை செய்து தருகிற மெக்கானிக் நானாவிடம் போனபோது அவர் முதலில் கேட்டதே, "ஹெட்டைக் கழட்டாம நம்பரை மட்டும் கூட்ட வந்தீங்களா தம்பி?" என்றுதான். கழற்றியதும் பழைய வால்வு ஸ்பிரிங்குகளை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வரிசையாக நிறுத்தி, மேலே ஸ்டீல் அடிமட்டத்தை வைத்தார். அடிமட்டம் ஆடியது. இருபது வருடத்துக்கு மேல் அழுந்திய ஸ்பிரிங், சில நன்றாகவே குட்டையாகிவிட்டிருந்தன. இப்படியான ஸ்பிரிங் 8,600இல் கேமோடு சேர்ந்து இறங்காது, வால்வு அந்தரத்தில் நிற்கும், பிஸ்டன் மேலே வந்து அடிக்கும். டைப் ஆர் எஞ்சினுக்குரிய இரட்டை ஸ்பிரிங்கும் அதைப் பிடித்து வைக்கிற ரிட்டெய்னரும் ஜப்பானில் இருந்து எடுப்பித்தேன். பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் பிரித்த எஞ்சினில் இருந்து செட்டாகக் கிடைக்கும், ஆனால் அதுவும் அதே வயதுதானே.

ஒயில் பம்ப் இந்த பி வகை எஞ்சின்களில் கிராங்கிலேயே நேராகப் பூட்டியது. கிராங்கின் அதிர்வு அதிகச் சுற்றில் பம்பின் கியரை வெடிக்க வைக்கும். அதைத் தணிக்கத்தான் முன்னால் ரப்பர் வைத்த புல்லி இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு பளபளவென்று அலுமினியப் புல்லி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அடியில் ஒயில் தேங்குகிற சம்பிலே அது ஒரு பக்கம் ஓடாமல் தடுப்புத் தகடும் வைத்தோம். கட்டுகுருந்தவில் கடற்கரைச் சூடு வேறு, ஒயில் 120 பாகையைத் தொட்டதும் நான் உள்ளே வந்துவிடுவேன். பெற்றோல் 95 ஒக்டேன்தான். இந்த எஞ்சின் ஜப்பான் ஹை-ஒக்டேனுக்குச் செய்தது, அங்கே வழக்கமாகக் கிடைப்பது 100, ஆகவே மேல் சுற்றில் பெற்றோலைப் பற்றவைக்கிற டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் செய்தாலும் ரெவ் லிமிட் காப்பாற்றாத ஒன்று இருக்கிறது. நாலாவதில் 8,200இல் இருந்து ஐந்தாவதுக்குப் போட நினைத்துக் கை மூன்றாவதில் விழுந்தால், சில்லு எஞ்சினை 10,800க்கு இழுத்துக்கொண்டு போகும். பெற்றோலை வெட்டி என்ன பயன்? வெட்டு 8,600இல் இருந்தால் அதே தவறு 11,300. லிமிட்டை ஏற்றுவது இந்தத் தவறின் விலையையும் சேர்த்து ஏற்றுவதுதான். தேய்ந்த எஞ்சின் மவுண்ட் இருந்தால் வளைவில் எஞ்சின் அசைந்து கியர் லிவரின் இடமே மாறிப் போகும், ஆகவே லப்டொப்பைத் திறக்க முன்பு மவுண்டை மாற்றுங்கள். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தக் கார்களும் எஞ்சின்களும் ஏறிய விலையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இப்போதைய நிலவரம்: கம்ப்ரெஷன் நாலு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. ஒயில் முன்பைவிடக் கொஞ்சம் குடிக்கிறது, ட்ராக் நாள் முடிந்ததும் மாற்றிவிடுவேன். கழற்றிய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது, உலோகத் துகள் மினுக்கம் இதுவரை இல்லை. வால்வு இடைவெளி, இன்டேக் 0.15 முதல் 0.19, எக்ஸோஸ்ட் 0.17 முதல் 0.21 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட் பக்கம்தான் அடிக்கடி நகர்கிறது. கொழும்பு வீதியில் இந்த 400 சுற்றால் ஒரு பலனும் இல்லை, காலி வீதி நெரிசலில் 3,000ஐத் தொடுவதே அதிசயம்.

9,000 போடலாமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேமோடும் இன்டேக்கோடும் அங்கே எடுக்க ஒன்றும் இல்லை, சத்தம் மட்டும் நன்றாக இருக்கும். எனக்கு அடுத்த செலவு ஒயில் பம்ப் கியர். டைமிங் பெல்ட் மாற்றும் முறை வருகிறது, எப்படியும் அந்தப் பக்கம் முழுக்கக் கழற்றத்தான் வேண்டும், அப்போதே முழு உருக்கில் கடைந்த பில்லட் கியரைப் போட்டுவிடலாம் என்று நானாவும் சொல்லியிருக்கிறார்.